குண்டூசியின் புதுக் கார்

அவளை வீட்டில் எல்லாரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் நாத்தனார் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆள் குள்ளம், ஒல்லி என்பது பாதிக் காரணம். மீதி, அவள் கேட்கும் கேள்விகள். ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொட்ட வரும்போது மட்டும் ஏன் இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். இவள் நேராகப் போய் அவரிடமே கேட்டுவிட்டாள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளிலிருந்து பழைய பனியனில் வர ஆரம்பித்தார்.

பிசியோதெரபி அவளுக்கென்றே ஏற்பட்ட வேலை. இடுப்பு எலும்பு உடைந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய் அவர்களை எழுப்பி நடக்கவைக்க வேண்டும். எந்தக் காலை முதலில் ஊன்றுகிறீர்கள், எந்தப் பக்கம் புரண்டால் வலிக்கிறது, செருப்பு ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்பாள். கிளினிக்கிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலையும் உண்டுதான். அது அவளுக்கு ஆகாது. ஒருவருடைய கட்டிலின் உயரமும் குளியலறைப் படியும் தெரியாமல் அவருடைய காலைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்பாள். கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் நல்ல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நடிக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

நோயாளிகள் ஊரின் நாலு மூலையிலும் இருந்தார்கள். அதற்காகத்தான் அந்தக் காரை வாங்கினாள். பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். சொந்தச் சம்பாத்தியத்தில், தானே ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, விற்பனைப் பையனின் தலையைத் தின்று வாங்கிய கார். வீட்டுக்கு வந்த அன்று அவளுடைய கணவரும் மகனும் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கணவர் ஃபால்ஸ் சீலிங் போடும் காண்டிராக்டர். நல்ல நெடுநெடு ஆள். ஏணி போடாமலே பாதி வேலையை முடித்துவிடுவார் என்று மச்சினர்கள் கிண்டலடிப்பார்கள். மகன் அப்பனையும் தாண்டி ஒரு சாண் வளர்ந்தவன். அந்த வீட்டில் எல்லாமே அவர்கள் உயரத்துக்குத்தான் மாட்டியிருந்தது. குளியலறைக் கண்ணாடியில் குண்டூசிக்குத் தெரிவது அவள் நெற்றி மட்டும்தான். இத்தனை வருஷமாக அதைப் பற்றி மட்டும் அவள் ஏன் என்று கேட்டதில்லை.

காரிலும் அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. அவள் ஓட்ட வேண்டுமானால் டிரைவர் சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் எட்டாது. வாங்கிய வாரத்திலேயே கணவர் அவசரமாக ஏறப்போய் முழங்காலை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டார். அந்த மனிதர் போட்ட சத்தம் இருக்கிறதே, காலே கழன்றுவிட்டது என்று தெருவே நினைத்திருக்கும். அன்றிலிருந்து, “இறங்கும்போது சீட்டைப் பின்னால தள்ளிடு” என்பது வீட்டுச் சட்டம். அவளும் தள்ளிவிடுவாள். போகப் போக அது கைக்கே பழகிவிட்டது. சாவியைத் திருப்பி அணைப்பாள், சீட்டுக்கு அடியில் கையை விட்டு லீவரைத் தூக்குவாள், காலால் உந்திப் பின்னால் போவாள், இறங்குவாள். தான் அதைச் செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது.

கார் முதன்முதலில் நின்றது ஒரு பள்ளிக்கூட வாசலில். வேகத்தடைக்கு முன்னால் பிரேக் பிடித்தாள். அவ்வளவுதான். இன்ஜின் அணைந்தது, முன்னால் இருந்த விளக்கெல்லாம் அணைந்தது, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. குண்டூசி இறங்கி, பானெட்டைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லாம் புத்தம்புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது. திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இது ஏன் நின்றது என்பதுகூட இரண்டாவது கேள்வி. நின்றது ஏன் திரும்ப ஓடுகிறது என்பதுதான் அவளைக் குடைந்தது.

சர்வீஸ் சென்டரில் அவளுக்கு வாய்த்தவர் ஒரு இளைஞர். பளிச்சென்ற சட்டை, கையில் டேப்லெட், வாய் நிறைய ஒரே ஒரு சொல். “எல்லாம் நார்மல், மேடம்.” அவருக்கு நார்மல் தம்பி என்று பெயர் வைத்துவிட்டாள். மெக்கானிக்குகள் காரை ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள். குதிரை மாதிரி ஓடியது. கம்ப்யூட்டரில் ஏதோ பழைய குறிப்பு ஒன்று இருந்ததாம், அழித்துவிட்டார்களாம்.

“அழிச்சிட்டீங்களா? அது என்ன குறிப்புன்னு பாத்தீங்களா?”

“அதெல்லாம் பேட்டரி டைட்டா இல்லன்னாலே வரும் மேடம். எல்லாம் நார்மல்.”

இரண்டாம் தடவை நின்றபோது வாரண்டியில் பேட்டரியை மாற்றினார்கள். மூன்றாம் தடவை நார்மல் தம்பி முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவைப் பார்த்துவிட்டார். மகன் ஆசையாக வாங்கி மாட்டியது. புதையல் கிடைத்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது. வெளியே மாட்டிய பொருளால் வந்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார். அவள் அங்கேயே நின்று அந்தக் கேமராவைப் பிடுங்கி மகன் கையில் கொடுத்தாள். அடுத்த வாரமே கார் திரும்ப நின்றது.

அதற்கப்புறம் அவர்கள் கையில் எடுத்த ஆயுதம்தான் மோசமானது. “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆளுங்க ஓட்டினா நிக்கல. சார் ஓட்டினா நிக்கல. உங்க பையன் ஓட்டினாலும் நிக்கல. நீங்க கிளட்ச்சைச் சட்டுன்னு விடறீங்க. அது டிரைவிங் ஹேபிட். அதுக்கு வாரண்டி இல்ல.”

“கிளட்ச்சை விட்டா விளக்கெல்லாமா அணையும்?”

“பதட்டத்துல அப்படித் தெரியும் மேடம்.”

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த டேப்லெட்டைப் பிடுங்கி வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. காரணம், அந்தப் பேச்சில் ஒரு முள் இருந்தது. அவள் ஓட்டும்போது மட்டும்தான் நிற்கிறது என்பது நிஜம். கணவர் அதை வேறு மாதிரி சொன்னார். “எனக்கு ஒரு தடவ கூட நின்னதில்லையே. நானும் எத்தன தடவ ஓட்டிப் பாத்துட்டேன்.” அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையிலேயே கவலையோடுதான் சொன்னார். அது இன்னும் வலித்தது.

சரி, என்னிடம்தான் ஏதோ இருக்கிறது, அது என்ன என்று கண்டுபிடித்துவிடுகிறேன் என்று குண்டூசி கிளம்பினாள். செருப்பை மாற்றிப் பார்த்தாள். வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தாள். கைப்பையில் கிடந்த காந்தக் கொக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். போனை அணைத்தாள். பாட்டை நிறுத்தினாள். அவள் போட்டுக்கொள்ளும் சென்ட் வாசனை ஏதோ சென்சாருக்குள் போகிறதோ என்று அதைக்கூட விட்டாள். “ஒருவேளை வண்டிக்கு உன்னைப் பிடிக்கலையோ என்னவோ” என்றார் கணவர். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்து, வண்டியை ஒடித்து, மயிரிழையில் தப்பினார். லாரியை நிறுத்தி இறங்கி வந்து திட்டப்போனவர் அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் போனார். சேதி கேட்டுக் கணவர் பைக்கில் பறந்து வந்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆனது.

வீட்டுக்கு வந்ததும், “சாவியக் குடு” என்றார். “இனிமே நீ ஓட்ட வேணாம். உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? வண்டியத் திருப்பிக் குடுத்துடலாம்.”

அவள் இடிந்துபோனாள். லாரியை நினைத்து அல்ல. தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்பது அந்த வீட்டில் முடிவாகிவிட்டது என்பதால். அதை மறுத்துப் பேச அவளிடமே தெம்பு இல்லாமல் போய்விட்டது என்பதால். சாவியைக் கொடுத்துவிட்டாள்.

பிறகு பஸ்ஸில் போனாள். ஒரு நாளைக்குப் பாதி வீடுகள்கூட முடியவில்லை. பக்கவாதத்தில் கை விழுந்த தச்சர் ஒருவர் இருந்தார். அப்போதுதான் கட்டைவிரல் அசைய ஆரம்பித்திருந்தது. ஊரின் கடைசியில் இருந்த அவர் வீட்டுக்கு இரண்டு தடவை போக முடியவில்லை. கிளினிக் டாக்டரம்மா கூப்பிட்டு, “கார் விஷயத்த இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணிக்கோங்கம்மா. இல்லன்னா வீட்டு விசிட்ட வேற ஆளுக்கு மாத்திடறேன், நீங்க இங்கயே உக்காந்து பாருங்க” என்றார். டாக்டரம்மா நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எல்லாருமே நல்லெண்ணத்தில்தான் அவளை உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சுக்காகக் கணவர் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பியபோது அவளும் போனாள். கடைசி தடவையாக ஒரு முறை முழுசாகப் பார்த்துவிடச் சொல்லிக் காரை முதல் நாளே அங்கே விட்டிருந்தார்கள். மகன் ஓட்டிப்போய் விட்டிருந்தான். கணவரும் நார்மல் தம்பியும் கண்ணாடி அறைக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். குண்டூசிக்கு உள்ளே உட்காரப் பிடிக்கவில்லை. வெளியே, தன் கார் நின்ற இடத்துக்குப் போனாள். அதை எப்போதும் ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“குடுத்துடப் போறீங்களாமே மேடம். எங்களுக்குத்தான் நஷ்டம். உங்க வண்டிய எடுக்கறதுன்னா எங்க ஆளுங்களுக்கெல்லாம் இஷ்டம்.”

“ஏன்?” என்றாள், பழக்க தோஷத்தில்.

“சின்ன வண்டி ஓட்டறவங்க சீட்டை எப்படியெப்படியோ வெச்சிருப்பாங்க. ஏறும்போதே காலை மடக்கி, லீவரைத் தேடி, பின்னால தள்ளிட்டுத்தான் உக்கார முடியும். உங்க வண்டில மட்டும் எங்களுக்காகவே தள்ளி வெச்ச மாதிரி ரெடியா இருக்கும். கண்ணாடியத் திருப்பினாப் போதும். நான் அந்த லீவர ஒரு தடவ கூடத் தொட்டதில்ல மேடம். அவ்வளவு மரியாத தெரிஞ்சவங்க நீங்க.”

குண்டூசி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஒரு தடவ கூடவா?”

“சத்தியமா இல்ல.”

அவள் காரின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செருப்பை மாற்றினோம், பையை மாற்றினோம், சென்டை மாற்றினோம். மெக்கானிக் ஓட்டினார், கணவர் ஓட்டினார், மகன் ஓட்டினான். எல்லாரும் இந்த சீட் பின்னால் இருக்கும்போது ஓட்டினார்கள். நடுரோட்டில் நின்றபோதெல்லாம்கூட, பானெட்டைத் திறக்க இறங்கும்முன் தன் கையே இதைப் பின்னால் தள்ளியிருக்கிறது. கோளாறை அவளே ஒவ்வொரு தடவையும் துடைத்துச் சுத்தமாக்கி, மரியாதையாக மற்றவர்கள் கையில் கொடுத்திருக்கிறாள். இந்த ஊகம் சரியாகத்தான் இருக்கும் என்று இல்லை. சென்ட் வாசனையும் ஒரு நாள் சரியாகத்தான் தோன்றியது.

கண்ணாடி அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். “நான் ஒரு ரவுண்டு ஓட்டணும். நீங்க ரெண்டு பேரும் கூட வரணும்.”

நார்மல் தம்பி எழுந்தார். “மேடம், டெஸ்ட் டிரைவ் எங்க ஆளுங்கதான்...”

“வண்டி இன்னும் என் பேர்லதானே இருக்கு?”

“வேணாம் குண்டூசி, விடு” என்றார் கணவர்.

“என்னங்க, சாவி.” கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் தயங்கினார். பிறகு மேஜையில் கிடந்த சாவியை எடுத்துக் கொடுத்தார்.

நார்மல் தம்பி பின்னால் ஏறினார். கணவர் அவளுக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார். குண்டூசி சீட்டைக் கடைசிப் பல் வரை முன்னால் இழுத்தாள்.

“இவ்வளவு முன்னாலயா மேடம்?”

“இங்க வந்தாத்தான் தம்பி கிளட்ச் முழுசா அமுங்கும்.”

சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் ஒரு சாலை இருந்தது. குண்டும் குழியுமாக, நடுவில் வேகத்தடைகளோடு. முதல் ரவுண்டு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் சுகமாக ஓடியது. நார்மல் தம்பி பின்னால் மெல்லச் செருமினார். கணவர், “போதும்மா, திரும்பிடலாம்” என்றார், குழந்தையிடம் பேசுகிற குரலில். அவள் திரும்பவில்லை. அவளுக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு வேகத்தடை இருந்தது. கிளட்ச்சை மிதித்து, பிரேக் பிடித்தாள்.

எல்லாம் அணைந்தது.

கணவர் கையை நீட்டி ஹாரனை அழுத்திப் பார்த்தார். சத்தமில்லை. குனிந்து அவள் காலைப் பார்த்தார். கிளட்ச் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

“காலை எடுக்கவே இல்லையே நீ” என்றார்.

“எப்பவுமே எடுக்கறதில்லைங்க.”

“இறங்கி பானெட்டைத் திறங்க மேடம்” என்றார் நார்மல் தம்பி. அவள் கை தன்னால் சீட்டுக்கு அடியில் போனது. லீவரில் விரல் பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“யாரும் இறங்காதீங்க. தம்பி, பின்னாலேருந்து என் சீட்டுக்கு அடில டார்ச் அடிச்சுப் பாருங்க.”

நார்மல் தம்பி பளிச்சென்ற சட்டையோடு காருக்குள்ளேயே தரையில் மண்டியிட்டார். பிறகு குரல் மட்டும் வந்தது. “ஒரு ஒயர்க் கட்டு, சீட் நகர்ற தண்டவாளத்து முனைல மாட்டியிருக்கு. தோல் உரிஞ்சு, செம்பு பாதி அறுந்து தெரியுது. சீட் முன்னால வந்து குலுங்கினா இழுபட்டு விட்டுடும் போல.”

அவள் சீட்டைப் பின்னால் தள்ளினாள். விளக்கெல்லாம் எரிந்தன. முன்னால் இழுத்துக் குலுக்கினாள். அணைந்தன. திரும்பத் தள்ளினாள், எரிந்தன. இன்னும் ஒரு தடவை செய்தாள். செய்யச் செய்ய அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. இதுதானா, இதுதானா என்று சின்னப் பெண் மாதிரி கேட்டுக்கொண்டாள். கண்ணும் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அந்தக் காரில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

நார்மல் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். வேலை அவரை விடவில்லை. “ஆனா மேடம், இவ்வளவு முன்னால வெச்சு ஓட்டறது நார்மல் இல்ல. வாரண்டின்னா கம்பெனில கேள்வி கேப்பாங்க.”

“அப்ப சீட் ஏன் தம்பி இது வரைக்கும் வருது?”

அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “வாரண்டிலயே போட்டுடறேன்” என்றார். அறுந்த ஒயரோடு ஓட்ட வேண்டாம் என்று காரைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்த பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். “இதே மாடல் ஒரு டீச்சர் வெச்சிருக்காங்க மேடம். அவங்களும் இதே கம்ப்ளெயின்ட்தான் சொன்னாங்க. கிட்டத்தட்ட உங்க உயரம்தான்.”

“அவங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க?”

எதிரிலேயே நின்று அந்த டீச்சருக்குப் போன் போட வைத்துவிட்டுத்தான் குண்டூசி நகர்ந்தாள்.

ஒயரை மாற்றி, அது போகும் பாதையையும் மாற்றிக் கட்டும் வரை கணவனும் மனைவியும் வெளியே நின்றார்கள். அவர் சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாத்தேனே...”

“பாத்தீங்க. என்னை இறக்கி விட்டுட்டுத்தானே பாத்தீங்க. நான் ஓட்டறப்போ ஒரு தடவ பக்கத்துல உக்காந்தீங்களா?”

அவர் யோசித்தார். கார் வாங்கியதிலிருந்து இருவரும் சேர்ந்து எங்கெல்லாம் போனார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் அவர்தான் ஓட்டியிருந்தார்.

“உன்னை நம்பாம இல்ல” என்றார். பிறகு, “இல்ல, நம்பலதான். தப்பு” என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. அவள் அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

கார் வந்தது. “தச்சர் வீட்டுக்குப் போயிட்டு அப்புறம்தான் வீடு. உங்களுக்கு வேலை இருந்தா ஆட்டோ பிடிச்சுக்கோங்க” என்றாள். அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தாள். பெரிய சாலையில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. “பாத்து...” என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கிவிட்டு, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.